குடியும் மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் எந்தச் சிகிச்சை?

மனச்சோர்வும் குடியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது மருத்துவமனைகளில் அன்றாடம் பார்க்கும் விஷயம். குடியிலிருந்து மீள வருபவர்களில் கணிசமானவர்கள் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், தன்னையே வெறுத்துக்கொண்டு, சில சமயம் செத்துவிடலாமா என்ற எண்ணத்தோடும் வருகிறார்கள். மனச்சோர்வுக்காக வருகிறவர்களில், முக்கியமாக ஆண்களில், பலர் கேட்டால்தான் குடியைப் பற்றி வாய் திறக்கிறார்கள். கேட்காமலே மருந்துச்சீட்டு எழுதப்படுவதும் உண்டு.

2015-16ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் தலைமையில், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடந்தது. மனச்சோர்வு உள்ளவர்களிலும் சரி, குடிநோய் உள்ளவர்களிலும் சரி, நூற்றுக்கு 85 பேர் அளவுக்குச் சிகிச்சையே பெறவில்லை என்று அது கண்டது. சிகிச்சை வாசல் வரை வந்துவிட்டவர்களிலும் இரண்டும் சேர்ந்தவர்களின் பாடு தனி. மனநலப் பிரிவில் ‘முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்’ என்பார்கள். போதை மீட்பு மையத்தில் ‘குடியை விட்டால் மனசு தானாகச் சரியாகிவிடும்’ என்பார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி யாருக்கு, எப்போது பொருந்தும் என்று தெரிந்துகொண்டால் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

எது எதைக் கொண்டுவந்தது?

மது மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகிறது. விழிப்பாக வைத்திருக்கும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. குடித்த உடனே வரும் ஆசுவாசம் இதனால்தான். தினமும் குடித்தால் மூளை இதற்கு எதிர்த்திசையில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இரவு குடித்தது இறங்கும் நேரத்தில், விடியற்காலை மூன்று மணிக்குத் திடுக்கென்று விழிப்பு, படபடப்பு, இனம்தெரியாத பயம் எல்லாம் வருவது அதனால். இப்படி மாதக்கணக்கில் தூங்காதவர், வேலையிலும் வீட்டிலும் பெயரைக் கெடுத்துக்கொண்டவர், மனச்சோர்வுக் கேள்வித்தாளில் அதிக மதிப்பெண் வாங்குவதில் ஆச்சரியம் இல்லை.

சாண்டியாகோவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் குடிநோய்க்குச் சேர்ந்த ஆண்களை சாண்ட்ரா பிரவுன், மார்க் ஷூகிட் இருவரும் ஆராய்ந்து 1988ல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. சேர்ந்தபோது 42 சதவீதம் பேருக்குக் கவலைப்படும் அளவுக்கு மனச்சோர்வு இருந்தது. நான்கு வாரம் குடிக்காமல் இருந்த பிறகு 6 சதவீதம் பேருக்குத்தான் அது மிஞ்சியது. மனச்சோர்வுக்கென்று தனி மருந்து எதுவும் இல்லாமலே மற்றவர்களுக்கு அது வடிந்துவிட்டது. ‘குடியை விட்டால் சரியாகிவிடும்’ என்ற பேச்சுக்கு ஆதாரம் இதுதான். மிஞ்சிய அந்த 6 சதவீதத்தினரை மறந்துவிடுவதுதான் அந்தப் பேச்சின் குறை.

மனச்சோர்வு குடியால் வந்ததா, தனியாக உள்ளதா என்று பிரிக்க மருத்துவர்கள் காலவரிசையைக் கேட்கிறார்கள். எது முதலில் வந்தது? குடிக்கத் தொடங்குவதற்கு முன்பே, பள்ளி, கல்லூரி நாட்களில், இப்படி வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்ததுண்டா? அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது மனச்சோர்வு இருந்ததா? இவற்றைவிடப் பயனுள்ள கேள்வி, குடிக்காமல் இருந்த நாட்களில் மனம் எப்படி இருந்தது என்பது. தமிழ்நாட்டில் இதற்கு வசதியாக ஒரு வழக்கம் இருக்கிறது. சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருக்கும் ஆண்கள் அந்த நாட்களில் குடியைத் தொடுவதில்லை. நாற்பது நாளுக்கு மேல் குடிக்காமல் இருந்த காலத்தில் மனம் தெளிந்து, பசியெடுத்து, தூக்கம் வந்திருந்தால் குடியின் மேல்தான் சந்தேகம். விரதத்தில் நாலாவது, ஐந்தாவது வாரத்திலும் காலையில் எழவே பிடிக்காமல், அழுகை தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தால் அது வேறு கதை. இந்தத் தகவலை நோயாளி தானாகச் சொல்ல மாட்டார், கேட்க வேண்டும்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011ல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடியை நிறுத்தி மூன்று, நான்கு வாரம் கழிந்தும் மனச்சோர்வு இருந்தால் அதைத் தனியாக மதிப்பிட்டுச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாடும் ஏறக்குறைய ஒரு மாதத்தைத்தான் எல்லையாக வைக்கிறது. இது நோயைப் பெயரிடுவதற்கான விதி. ஆளைத் திருப்பி அனுப்புவதற்கான விதியாக இதை மாற்றிக்கொண்டது நடைமுறையில் நேர்ந்த கோளாறு. அந்த நான்கு வாரத்தைக் குடிக்காமல் கடப்பதற்கே உதவி தேவைப்படுகிறவரிடம், கடந்துவிட்டு வா என்று சொல்வதில் அர்த்தமில்லை. தற்கொலை எண்ணம் இருந்தாலோ, முன்பு கடுமையான மனச்சோர்வு வந்து போயிருந்தாலோ ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. குடியும் மனச்சோர்வும் சேரும்போது தற்கொலை ஆபத்து கூடுகிறது; போதையில் தயக்கம் குறைந்துவிடுவது அதற்கு ஒரு காரணம்.

ஒரு குவாட்டர் என்பது எவ்வளவு?

சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க இரண்டின் கடுமையும் தெரிய வேண்டும். மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 என்ற தாள் பரவலாகப் பயன்படுகிறது. மொத்தம் 27 மதிப்பெண். 10ஐ எட்டினாலே கவனிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. மற்ற எட்டிலும் மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அந்த ஒன்றுக்கு வரும் பதிலைத் தனியாகப் பேச வேண்டும்.

குடிக்கு உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற பத்துக் கேள்வித் தாள் இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண். 8ஐ எட்டினால் ஆபத்தான குடி; 20ஐ எட்டினால் குடிக்கு அடிமையாகியிருக்க வாய்ப்பு அதிகம். இதில் ஒரு கேள்வி, ஒரே அமர்வில் ஆறு யூனிட்டோ அதற்கு மேலோ எத்தனை தடவை குடிக்கிறீர்கள் என்பது. பலர் இதற்கு ‘எப்போதாவது’ என்றுதான் பதில் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை மாறும். ஒரு யூனிட் என்பது 10 கிராம் சுத்த ஆல்கஹால். 42.8 சதவீதப் பிராந்தியிலோ ரம்மிலோ 180 மில்லி குவாட்டர் ஒன்றில் ஏறத்தாழ 61 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ‘ஒரே ஒரு குவாட்டர்தான் சார், அதுக்கு மேல போறதில்ல’ என்பவர் தினமும் ஆறு யூனிட் குடிக்கிறார். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றில் நான்கு யூனிட் இருக்கிறது. அதை மதுவாகவே எண்ணாதவர்களும் உண்டு.

நிறுத்துவதில் உள்ள ஆபத்து

உளவியல் சிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கைநடுக்கத்தை நிறுத்தவே ஒரு கட்டிங் போட வேண்டியவர், வைராக்கியத்தோடு ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் ஏற்பட்டு, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ அடிக்க வருவதாகவும் தெரியும். வீட்டில் இருப்பவர்கள் பேய் பிடித்தது என்று வேறெங்கோ தூக்கிக்கொண்டு ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். அது டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற மருத்துவ அவசரம். மாலை போட்ட முதல் வாரத்தில் இப்படி ஆகிறவர்களும் உண்டு.

எனவே ஆடிட்டில் 20ஐ எட்டியவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், ஈரல் கெட்டவர் ஆகியோருக்கு முதல் சிகிச்சை கவுன்சலிங் அல்ல. மருத்துவமனையில் நான்கைந்து நாளோ ஒரு வாரமோ மருந்தின் துணையோடு குடியை இறக்குவதும், தயமின் ஊசி போடுவதும்தான். குடிப்பவர்களுக்கு வைட்டமின் பி1 என்ற இந்தத் தயமின் குறைந்துபோகும். அதைக் கவனிக்காமல் விட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடலாம். இந்த நாட்களில் பேச்சு சிகிச்சை செய்ய முயல்வது நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் வீண் சிரமம்.

என்னென்ன உளவியல் சிகிச்சைகள் உள்ளன?

உடல் தெளிந்த பிறகு வரும் சிகிச்சைகளில் எளிமையானதும், குடியைப் பொறுத்தவரை முதலில் வர வேண்டியதும், ஊக்க நேர்காணல். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை முன்வைத்தார். குடிப்பவரைத் திட்டியும் பயமுறுத்தியும் மறுப்பை உடைக்க வேண்டும் என்று அப்போது பலர் நம்பியிருந்தார்கள். மில்லர் அதைத் தலைகீழாக்கினார். விடவும் வேண்டும், விடவும் முடியவில்லை என்ற இரண்டு மனசும் குடிப்பவருக்குள்ளேயே இருக்கிறது; விட வேண்டும் என்ற பக்கத்தை அவர் வாயாலேயே பேச வைப்பதுதான் சிகிச்சையாளரின் வேலை. ‘இப்பல்லாம் என் பொண்ணு என் பக்கத்துல வந்து உக்காரதே இல்ல சார்’ என்று ஒருவர் சொன்னால், ‘அதான் குடிக்காதீங்கன்னு சொல்றேன்’ என்று பாய்ந்துவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. ‘அது உங்கள உள்ளுக்குள்ள அரிக்குது’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால், அடுத்த வாக்கியத்தை அவரே தொடர்வார். நான்கு அமர்வுக்குள் முடியக்கூடிய இந்த முறை, இன்னும் முடிவெடுக்காமல் இருப்பவருக்கு ஏற்றது. கடுமையான மனச்சோர்வுக்கு இது மட்டும் போதாது.

மனச்சோர்வுப் பக்கத்திலிருந்து வருவது சிபிடி எனப்படும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை. மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் தொடங்கிவைத்தது. ‘நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்’ என்ற எண்ணம் எந்த நேரத்தில் வருகிறது, அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று சிகிச்சையாளரும் நோயாளியும் சேர்ந்து பரிசோதிப்பார்கள். குடிக்கும் இதே சட்டகம் பொருந்தும். உளவியலாளர் ஆலன் மார்லட் 1985ல் வெளியிட்ட நூலில் இதை வைத்து மறுகுடி தடுப்பு முறையை விரித்தார். அவர் கவனித்தவற்றில் ஒன்று இங்கே முக்கியமானது. இரண்டு மாதம் விட்டிருந்தவர் ஒரு கல்யாண வீட்டில் ஒரு பெக் குடித்துவிடுகிறார். அந்த ஒரு பெக்கைவிட, அதற்குப் பிறகு வரும் ‘எல்லாம் போச்சு, நான் இவ்வளவுதான்’ என்ற எண்ணம்தான் அவரைப் பாட்டிலைக் காலி செய்ய வைக்கிறது. அது மனச்சோர்வின் எண்ணமும்கூட. இரண்டு நோயும் கைகோத்துக்கொள்ளும் இந்த இடத்தில் சிபிடி நன்றாக வேலை செய்யும்.

எண்ணங்களை அலசும் பொறுமையோ எழுத்துப் பழக்கமோ இல்லாதவர்களுக்கு நடத்தைத் தூண்டல் என்ற எளிய கிளை இருக்கிறது. இதன் அடிப்படை, மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது, செய்யத் தொடங்கினால்தான் மனசு வரும் என்பது. கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்துக்குத் தினமும் என்ன செய்தார், மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நோட்டில் எழுதச் சொல்கிறார்கள். செவ்வாய்க்கிழமைப் பக்கம் இப்படி இருக்கும்: மாலை 6.30, வேலை முடிந்தது, மதியம் சாப்பிடவில்லை, மனநிலை மூன்று. 7.00, பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடை, ஒரு குவாட்டர். 8.00, மனநிலை ஆறு. 10.00, வீட்டில் சண்டை. விடிகாலை 3.30, விழிப்பு, மனநிலை ஒன்று. புதன், வேலைக்குப் போகவில்லை, மனநிலை ஒன்று. அந்த ஆறு இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை என்பதும், மறுநாள் முழுவதையும் அது விழுங்கிவிட்டது என்பதும் எழுதியவருக்கே தெரிந்துவிடுகிறது. யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. அடுத்த வாரத் திட்டம் மிகச் சிறியது. ஆறு மணிக்குப் பட்டறையிலேயே டீயும் போண்டாவும் சாப்பிட்டுவிடுவது, பசியோடு கிளம்பக் கூடாது என்பதற்காக. கடை இல்லாத முந்தின ஸ்டாப்பில் பஸ் ஏறுவது. ஏழு மணிக்கு மகளை டியூஷனிலிருந்து கூட்டிவரும் பொறுப்பை மனைவியிடமிருந்து வாங்கிக்கொள்வது. குடிக்கும் நேரமும் சோர்வு கவியும் நேரமும் ஒன்றாக இருப்பதால் ஒரே மாற்றம் இரண்டுக்கும் மருந்தாகிறது.

சண்டை, பிரிவு, சாவு, வேலை இழப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து வந்த மனச்சோர்வுக்கு உறவுசார் சிகிச்சை என்று ஒன்று உண்டு; பயிற்சி பெற்றவர்கள் இங்கே குறைவு. தம்பதியரை உட்காரவைத்துச் செய்யும் சிகிச்சை, மனைவி மனமுவந்து வந்தால் குடிக்கு நல்ல பலன் தரும். வீட்டில் அடிதடி நடக்கிறதென்றால் இந்தச் சிகிச்சையை முதலில் தவிர்ப்பதே நல்லது. அறைக்குள் சொன்னதற்கு வீட்டுக்குப் போய் அடி விழும்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) கூட்டங்கள் சிகிச்சை அல்ல, சக நோயாளிகளின் துணை. காசு கிடையாது, தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் தமிழிலேயே நடக்கின்றன. 1935ல் இந்த இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், குடியை விட்டு ஆண்டுகள் பல ஆன பிறகும் நெடுங்காலம் மனச்சோர்வில் தவித்தவர். குடியை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு அந்த இயக்கத்தின் நிறுவனர் வாழ்க்கையே எதிர்ச்சான்று. சில குழுக்களில், மனநல மாத்திரை சாப்பிடுவதும் ஒரு போதைதான் என்று மூத்த உறுப்பினர்கள் சொல்லிவிடுவது உண்டு. உறுப்பினர்கள் மருத்துவராக நடந்துகொள்ளக் கூடாது என்பதுதான் அந்த அமைப்பின் அதிகாரபூர்வ நிலைப்பாடு.

ஆய்வுகள் சொல்வது

எந்த முறை உயர்ந்தது என்ற போட்டிக்கு அமெரிக்காவில் நடந்த பிராஜெக்ட் மேட்ச் ஓரளவு முடிவு கட்டியது. 1,726 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சிபிடி, இன்னொன்றுக்கு ஊக்க முறை, மூன்றாவதற்கு ஏஏ வழியிலான பன்னிரண்டு படி முறை என்று 12 வாரம் கொடுத்தார்கள். ஆளுக்குத் தகுந்த முறையைப் பொருத்திவிட்டால் பலன் கூடும் என்பதுதான் எதிர்பார்ப்பு. 1997ல் வந்த முடிவில் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்திருந்தன. பொருத்திப் பார்த்த அம்சங்களில் பெரும்பாலானவை பயனற்றுப் போயின.

இரண்டும் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் ஆஸ்திரேலியாவின் அமண்டா பேக்கர் குழு 2010ல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. 284 பேர். எல்லாருக்கும் முதலில் ஓர் அமர்வு. பிறகு சிலருக்கு அதோடு சரி. மற்றவர்களுக்கு மேலும் ஒன்பது அமர்வு, குடியை மட்டும் வைத்து, மனச்சோர்வை மட்டும் வைத்து, அல்லது இரண்டையும் இணைத்து. இணைத்த சிகிச்சை ஒன்றை மட்டும் பார்த்த சிகிச்சையைவிட மேலாக இருந்தது. ஒன்றை மட்டும்தான் கொடுக்க முடியும் என்ற நிலையில், ஆண்களுக்குக் குடியை மையமாகக் கொண்டதும் பெண்களுக்கு மனச்சோர்வை மையமாகக் கொண்டதும் கூடுதல் பலன் தந்தன. இது குறுகிய காலப் பலன்தான். விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் குடிக்கும் பெண்ணைக் குடிகாரி என்று மட்டும் பார்த்து நடத்தும் மையங்களுக்கு இதில் சேதி இருக்கிறது.

நெதர்லாந்தின் ஹெலீன் ரைப்பர் குழு 2014ல் இத்தகைய 12 ஆய்வுகளை, மொத்தம் 1,721 பேரை, ஒன்றாகத் தொகுத்தது. சிபிடியும் ஊக்க நேர்காணலும் சேர்ந்த சிகிச்சை வழக்கமான சிகிச்சையைவிடக் குடியிலும் மனச்சோர்விலும் கூடுதல் பலன் தருகிறது. அந்தக் கூடுதல் சிறிதுதான். அற்புதம் நிகழும் என்று விளம்பரம் செய்பவர்களைச் சந்தேகிக்க இந்த ஒரு தகவல் போதும்.

இந்தியச் சூழலுக்கு நெருக்கமான சான்று கோவாவிலிருந்து வருகிறது. மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்காத் அமைப்பும் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரண்டு தனித்தனி ஆய்வுகளை நடத்தினார்கள். சிகிச்சை தந்தவர்கள் மனநலத் துறையில் முன் அனுபவம் இல்லாத உள்ளூர்க்காரர்கள். இதற்கென்று பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வு நடத்தைத் தூண்டல். மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39. ஆடிட்டில் 12 முதல் 19 வரை இருந்த ஆண்களுக்கு ஒன்றிலிருந்து நான்கு அமர்வு, ஊக்க நேர்காணலை அடிப்படையாகக் கொண்டது. 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டார்கள், மறுபக்கம் 26. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இது 54க்கு 32 என்று விரிந்திருந்தது. பெரிய பட்டம் வாங்கியவர் கிடைக்கும்வரை காத்திருப்பதைவிட, முறையைச் சரியாகக் கற்ற ஒருவரிடம் உடனே தொடங்குவது மேல் என்று இதிலிருந்து கொள்ளலாம். குடிக்கு அடிமையாகிவிட்டவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மருந்தோடு சேரும்போது

மனச்சோர்வு மாத்திரை மனச்சோர்வைக் குறைக்கும். குடியைத் தானாக நிறுத்தாது. பென்சில்வேனியாவில் ஹெலன் பெட்டினாட்டி குழு 2010ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டும் உள்ள 170 பேருக்கு 14 வாரம் சிகிச்சை தரப்பட்டது. எல்லாருக்கும் வாராவாரம் சிபிடி உண்டு. அதோடு மனச்சோர்வுக்கான செர்ட்ரலின், குடி வேட்கைக்கான நால்ட்ரெக்ஸோன் இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 54 சதவீதம் பேர் குடியை முழுமையாக விட்டார்கள். ஒன்றை மட்டும் எடுத்தவர்களும், வெற்று மாத்திரை எடுத்தவர்களும் 21 முதல் 28 சதவீதத்துக்குள் நின்றுவிட்டார்கள். மனச்சோர்வு கடுமையாக இருக்கும்போது பேச்சு சிகிச்சையா மருந்தா என்று பட்டிமன்றம் நடத்தத் தேவையில்லை.

டைசல்ஃபிரம் என்ற மாத்திரையைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும்படி செய்வது அது. அந்தப் பயத்தில் குடிக்காமல் இருப்பதுதான் சிகிச்சை. ஆகவே சாப்பிடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்கிக் குழம்பில் கலக்கும் வீடுகள் ஏராளம். இதயக் கோளாறு உள்ளவருக்கு இதனால் உயிரே போகலாம். உயிர் போகாவிட்டாலும், வீட்டார் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். அதற்குப் பிறகு எந்தச் சிகிச்சைக்கும் அவர் வரமாட்டார்.

எங்கே, யாரிடம்?

தொடங்கும் இடம் தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மனஸ் எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இந்தச் சேவை இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவரை இழந்த பிறகு 1980ல் தொடங்கிய அறக்கட்டளை நடத்தும் டி.டி.கே. மருத்துவமனை, குடிநோய்ச் சிகிச்சையில் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொள்ளும் முறைக்குப் பெயர்பெற்றது.

தனியார் மையத்தில் சேர்ப்பதாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது பதிவுச் சான்றிதழ். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலப் பிரச்சினைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே சிகிச்சை மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். என்ன சிகிச்சை, ஏன், பக்க விளைவு என்ன என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. நான்கு பேர் வந்து காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போகும் மையங்களில், கையெழுத்துக்கும் மதிப்பில்லை, மனச்சோர்வுக்கு மதிப்பீடும் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைத்திருப்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவரா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

சிகிச்சையாளரிடம் முதல் சந்திப்பிலேயே சில விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். இரண்டுக்கும் சேர்த்துப் பார்ப்பீர்களா, அல்லது இன்னொருவரிடம் அனுப்புவீர்களா? அனுப்பினால் இருவரும் பேசிக்கொள்வீர்களா? எத்தனை அமர்வு, எவ்வளவு செலவு, மாலை வேலை முடிந்து வரமுடியுமா? முழுவதும் விட்டால்தானா, குறைத்துக்கொள்வதையும் இலக்காக ஏற்பீர்களா? இடையில் குடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு ‘அப்படியானால் நிறுத்திவிடுவோம்’ என்று பதில் வந்தால் வேறிடம் பார்ப்பது நல்லது. குறைத்துக்கொள்வது என்ற இலக்கு ஈரல் கெட்டவருக்கும், கடும் அடிமைக்கும், கர்ப்பிணிக்கும் பொருந்தாது. அவர்கள் முழுவதும் விட வேண்டியவர்கள்.

பலன் தரும் முறைகளில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாதபோது நோயாளியின் விருப்பத்துக்கு எடை கூடுகிறது. விருப்பமான சிகிச்சை கிடைத்தவர்கள் பாதியில் விட்டுவிடுவது குறைவு. கூட்டத்தில் பேசக் கூசுகிறவரை ஏஏ கூட்டத்துக்கு இழுப்பதிலும், தனியறையில் அந்நியரிடம் மனம் திறக்க முடியாதவரைச் சிபிடிக்கு அனுப்புவதிலும் பயனில்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய் வர வேண்டிய சிறந்த சிகிச்சையைவிட, நடந்து போகும் தூரத்தில் உள்ள சுமாரான சிகிச்சைக்கே ஆள் எட்டு வாரமும் வருவார்.

முடிவு சரியா என்பதை நான்காவது, ஆறாவது அமர்வில் அதே இரண்டு தாள்களையும் மீண்டும் நிரப்பிப் பார்த்து அறியலாம். குடி குறைந்து மனச்சோர்வு அப்படியே நின்றால் மனச்சோர்வுக்கான சிகிச்சையைக் கூட்ட வேண்டும். மருந்து தொடங்காதவருக்கு அதைப் பற்றி யோசிக்கும் நேரம் அது. மனம் தேறியும் குடி குறையவில்லை என்றால் வேட்கைக்கான மருந்தோ, உள்நோயாளிச் சிகிச்சையோ தேவைப்படலாம். மதிப்பெண் எட்டு வாரமாக அசையவே இல்லை என்றால் முறையையோ சிகிச்சையாளரையோ மாற்றலாம். அது நோயாளியின் தோல்வி அல்ல. தேறிய பிறகும் மனச்சோர்வு மாத்திரையைக் குறைந்தது ஆறு மாதம் தொடர்வது வழக்கம். நிறுத்துவதை மருத்துவரோடு பேசி, படிப்படியாகத்தான் செய்ய வேண்டும்.